இயல்பான ஆண்டு

எங்கள் அலுவலகக் கணினியில்
ஓர் ஆண்டு இருக்கிறது. பெயர், இயல்பான ஆண்டு.
முப்பது குளிர்காலங்களைக் கூட்டி
முப்பதால் வகுத்தது.
ஔலு நகரத்தில் எவரும் அதில் பிறந்ததில்லை,
எவரும் அதில் சறுக்கி விழுந்து
கையை ஒடித்துக்கொண்டதில்லை.
இருந்தாலும்
இன்னும் இருபத்தைந்து வருடத்தில்
எத்தனை மெகாவாட் வேண்டியிருக்கும் என்று
அதனிடம்தான் போய்க் கேட்போம்.
குறி சொல்லும்.
பலிக்கவும் செய்தது, கொஞ்ச நாள் முன்புவரை.

ஜூலை மாதத்துக் கோட்டில்
கொசு கடித்த இடம்போல ஒரு தடிப்பு.
அளவுமானியின் கோளாறு என்று
முதல் வருடம் ரௌனி அதை அழித்தாள்.
மறு வருடமும் அழித்தாள்.
மூன்றாம் வருடம் சொறிய ஆரம்பித்தாள்.
கோளாறில்லை.
சூரியன் விழ மறுக்கும் இரவில், பதினொரு மணிக்கு,
ஜன்னலில் போர்வையை ஆணியடித்தும்
தூங்க முடியாத ஜனங்கள்
சுவரிலிருக்கும் வெள்ளைப் பெட்டியைத்
திருப்பி ஓடவிட்டிருக்கிறார்கள்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
எண்ணெய்க் கொதிகலனைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுத்
தெருத்தெருவாக வாங்கி மாட்டினோம்.
வெளியே உறைந்த காற்றிலும்
ஒளிந்திருக்கும் சூட்டைக் கறந்துவிடும்.
ஒரு பங்கு மின்சாரம் வைத்தால்
மூன்று பங்கு கதகதப்பு.
மைனஸ் முப்பதில் மடி வற்றிவிடும்.
அன்றைக்கு அது வெறும் இஸ்திரிப்பெட்டி.
ஊரிலுள்ள அத்தனை இஸ்திரிப்பெட்டிகளும்
ஒரே காலையில்,
ஏழரைக்கு.

வெய்யோ கல்லுங்கிக்கு ஒற்றை எண் வேண்டும்.
"குளிர் குறைந்துகொண்டே வருகிறது.
பழங்கணக்கு எதற்கு? எண்பத்தேழை எடுத்துவிடு.
கோடு இறங்கும், ஒரு துணைமின்நிலையம் மிச்சம்."
தவறாகச் சொல்லவில்லை.
சராசரி இறங்கத்தான் செய்கிறது.
சராசரியில் யாரும் விறைத்துச் சாவதில்லை.

எண்பத்தேழு ஜனவரியில் எனக்குப் பதினொன்று.
அப்பா காரின் பேட்டரியைக் கழற்றி வந்து
அடுப்போரம் கம்பளி சுற்றி வைத்தார்,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல.
ராத்திரி ஆளுக்கொரு முறை எழுந்து
தொட்டுப் பார்த்தோம்.
இந்தச் சங்கதிக்கு
என் அட்டவணையில் பத்தி கிடையாது.
இருப்பது ஒரு தேதி, ஓர் எண்,
எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி.
அம்புக்குறி அதன்மேல் போய் நின்றது.
விரல் அழுத்தவில்லை.

ஹவுக்கிபுதாஸிலிருந்து போன மாதம்
ஒருவர் தொலைபேசியில் கேட்டார்:
"கரண்ட் போனால் என் வீடு
எவ்வளவு நேரத்தில் ஆறும்?"
பில் பிரிவுக்குப் போக வேண்டிய அழைப்பு,
தப்பி என்னிடம் வந்துவிட்டது.
தெரியவில்லை என்றேன்.
"உங்களுக்கே தெரியாதா?" என்றார், கோபமில்லாமல்.
தேவை தேவை என்று
நூறு பக்கம் எழுதுகிறவள் நான்.

சனிக்கிழமை மாலை ஆறு மணி மட்டும் நிச்சயம்.
வெளியே முப்பது பாகை கொதித்தாலும்
உள்ளே எண்பதில் போய் உட்காருவார்கள்.
சௌனாவின் மேட்டை
எந்த எதிர்காலமும் தரைமட்டமாக்கவில்லை.
அதன் உச்சியில் ரௌனி
பென்சிலால் ஒரு சிரிப்பு முகம் போட்டிருக்கிறாள்.

கடைசியில் ஒரு கோட்டுக்குப் பதில்
விசிறியாக விரியும் பதினேழு கோடுகளை அனுப்பினேன்.
எண்பத்தேழும் உள்ளே. கொசுக்கடியும்.
"விசிறியைக் காட்டி டிரான்ஸ்ஃபார்மர் வாங்க முடியுமா?"
என்று திருப்பி அனுப்பினார் வெய்யோ.
நியாயமான கேள்விதான்.
நடுக்கோட்டைக் கொடுத்தேன்.
மற்ற பதினாறும்
பின்னிணைப்பில், சின்ன எழுத்தில்.

கிளம்பும்போது மழை.
டிசம்பர் பத்தொன்பது.
பேருந்து நிறுத்தத்தில் ஒரு பையன்
பனிச்சறுக்குக் கட்டைகள் இரண்டையும்
தலைக்கு மேல் சேர்த்துப் பிடித்திருந்தான்,
நனையாமலிருக்க.